எழுநூறு பேரின் தண்ணீர்

ரோமாபுரிக்கு நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தது 2019 ஆகஸ்டில். அந்த மாதத்தின் பெயரே முதல் பேரரசர் அகஸ்டஸின் நினைவாக, கி.மு. 8 இல் செனட் சபை சூட்டியதுதான். பழைய ரோமின் எச்சங்களைத் தேடிப் போனவர்களுக்கு அவை எங்கும் அகப்பட்டன. காலடியில் கிடந்த சாக்கடை மூடியின் இரும்பில்கூட ‘எஸ்.பி.க்யூ.ஆர்.’ என்ற நான்கு எழுத்துகள். ‘செனட்டும் ரோம் மக்களும்’ என்பதன் லத்தீன் சுருக்கம். குடியரசும் பேரரசும் போன பின்னும் நகராட்சியின் முத்திரையாக அது மிஞ்சியிருக்கிறது.

மூன்றாம் நாள் வெயில் தாளாமல், டெல் திரித்தோனே வீதியில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்குள் குளிர்ச்சிக்காகவே நுழைந்தோம். நிலவறைத் தளத்தில் எங்களை நிறுத்தியது ஒரு சுவர். சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு, வளைவுகளுடன், பழுப்பேறிய கல். 2017 இல் திறக்கப்பட்ட அந்த அங்காடியின் கட்டுமானத்தின்போது வெளிப்பட்ட ‘ஆக்வா விர்கோ’வின் ஒரு துண்டு அது.

ஆக்வா விர்கோ என்றால் கன்னி நீர். தண்ணீர் தேடி அலைந்த படைவீரர்களுக்கு ஊற்றைக் காட்டியவள் ஒரு சிறுமி என்பது பெயருக்குச் சொல்லப்படும் கதை. அகஸ்டஸின் மருமகனான அக்ரிப்பா கி.மு. 19 இல் அந்த நீரை நகருக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமான அந்தக் கால்வாயில் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான பகுதியே தரைக்கு மேல் இருந்தது, மற்றதெல்லாம் மண்ணுக்குள். கி.பி. 537 இல் நகரை முற்றுகையிட்ட கோத்துகள் கால்வாய்களை வெட்டினார்கள். மண்ணுக்குள் ஒளிந்திருந்ததால் இது மற்றவற்றைவிடக் குறைவான சேதத்தோடு தப்பியது. பின்னர் போப்பாண்டவர்கள் பல முறை செப்பனிட்டார்கள். இன்று உலகமே வந்து நாணயம் எறியும் திரேவி நீரூற்று 1762 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதில் விழுவது இந்தக் கன்னி நீர்தான்.

இந்த வரலாறு எங்களுக்குப் புதிதல்ல. கி.பி. 97 இல் ரோமின் நீர் ஆணையராகப் பொறுப்பேற்ற ஃப்ரொன்டினஸ் எழுதிய நூலை ஆங்கிலத்தில் இருமுறை வாசித்திருந்தோம். எகிப்தின் பிரமிடுகளை வீண் கட்டடங்கள் என்று ஒதுக்கி, தன் கால்வாய்களைக் காட்டி அவர் நிமிர்ந்து நிற்கும் இடத்தில் நாங்களும் அவரோடு நிமிர்ந்திருந்தோம். நண்பர்களிடம் அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அந்த நூலில் எங்களுக்கு நினைவிருந்த இன்னொன்று, வேலையாட்கள் தெருவடியில் ஓடும் குழாய்களில் இரகசியமாகத் துளையிட்டுத் தண்ணீரை விற்ற கதை. சிரித்துக்கொண்டே அதையும் சொல்வதுண்டு.

அன்றிரவு விடுதியில் அந்த நூலை மறுபடி திறந்தோம். கால்வாய்களைப் பராமரித்தவர்களின் கணக்கை ஃப்ரொன்டினஸ் தந்திருக்கிறார். அரசுக்குச் சொந்தமானவர்கள் சுமார் 240 பேர். பேரரசருக்குச் சொந்தமானவர்கள் 460 பேர். ‘சொந்தம்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எழுநூறு அடிமைகள். மேற்பார்வையிடுவோர், தொட்டி காப்போர், ரோந்து சுற்றுவோர், கல் பாவுவோர், பூச்சு வேலை செய்வோர் என்று தொழில் வாரியாக அவர்களைப் பிரித்துச் சொல்கிறார். மர வேர்கள் கால்வாயைப் பிளக்கும், சுண்ணாம்புப் படிவு ஏறி நீர்வழி குறுகும், எங்காவது கசியும். இருட்டுக்குள் இறங்கி அதையெல்லாம் சரிசெய்தவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவருடைய பெயரும் அங்கே இல்லை. இருமுறை வாசித்த எங்கள் நினைவில் அந்த எண்ணிக்கைகூடத் தங்கியிருக்கவில்லை. அவர்களைத் திருடர்களாக மட்டுமே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை, அங்காடிக்கு அருகிலேயே உள்ள நாசரேனோ தெருவுக்குப் போனோம். அங்கே தெரு மட்டத்துக்குக் கீழே, கம்பிக்கு அப்பால், அதே கால்வாயின் வளைவுகள் சில நிற்கின்றன. மேலே பேரரசர் கிளாடியஸின் கல்வெட்டு: கேயஸ் சீசர் சிதைத்த வளைவுகளை அடித்தளத்திலிருந்து தாம் புதிதாகக் கட்டியதாகச் சொல்கிறது. கேயஸ் என்பது கலிகுலாவின் இயற்பெயர். உடைத்தவருடைய பெயர் கல்லில் இருக்கிறது. கட்டச் சொன்னவருடைய பெயரும் இருக்கிறது. கல் சுமந்தவர்களை அந்த எழுத்துகளில் தேடுவது வீண். ஆனாலும் பேரரசர்கள் ஆணையிட்டதால் மட்டும் ஒரு கால்வாய் இரண்டாயிரம் ஆண்டுகள் ஓடிவிடாது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ அதற்குள் இறங்கி வண்டல் அள்ளியிருக்க வேண்டும்.

திரேவியில் நாங்கள் நாணயம் எறியவில்லை. விழும் நீரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினோம்.

ரோமானியர்கள் குழாய்களை ஈயத்தில் செய்தார்கள். ஈயத்துக்கு லத்தீனில் ‘ப்ளும்பும்’ என்று பெயர். அச்சொல் ஆங்கிலம் வழியாக நம் தெருவுக்கு வந்து ‘பிளம்பர்’ ஆகியிருக்கிறது. ஊர் திரும்பிய வாரத்தில் சமையலறைக் குழாய் ஒழுகியது. வழக்கமாக வருபவரை அழைக்கக் கைபேசியை எடுத்தோம். பத்து ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் அவரை ‘பிளம்பர்’ என்று மட்டுமே அதில் பதிந்து வைத்திருந்தோம்.

அவர் வேலையை முடித்துக் கை கழுவும்போது, கூச்சத்தோடு பெயர் கேட்டோம். “இத்தன வருஷம் கழிச்சா கேக்குறீங்க?” என்று சிரித்தார். பிறகு சொன்னார்.