ஊற்றிக் கொடுத்த கை



மது ஹராம் என்பதை நம் இல்லங்களில் எவரும் எவருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மக்தபில் அலிஃப், பே ஓதும் பிள்ளையும் அதை அறியும். இங்கே நான் எழுத விழைவது வேறு. வயது நிரம்பாத ஒரு பிள்ளை குடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் அவனை ஏசுகிறோம், அடிக்கிறோம். அவன் கையில் அந்த முதல் கோப்பையைக் கொடுத்த பெரியவர் யார் என்று கேட்கிறோமா?

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மதரசாவில் ஓதிக்கொடுத்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஓதிய 17 வயது மாணவன் ஒருவனை அவனுடைய வாப்பா அழைத்து வந்தார். கல்யாண வீடொன்றில் பையன் குடித்துவிட்டானாம். "ஹஜ்ரத், இவனைத் தவ்பாச் செய்ய வையுங்கள். அடித்தாலும் சரிதான்" என்றார். பையன் தலைகுனிந்து நின்றான்.

"ஊற்றிக் கொடுத்தது யார்?" என்று கேட்டேன். இருவரும் வாய் திறக்கவில்லை. நெடுநேரத்திற்குப் பின் வாப்பாவே சொன்னார்: "மூத்த மகளுடைய மாப்பிள்ளை. விளையாட்டாகக் கொடுத்துவிட்டார். அவரை எப்படிக் கேட்பது? மகள் வாழ்க்கை இருக்கிறதே!"

பருவமடைந்த பிள்ளை தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி. எனவே, அவன் தவ்பாச் செய்ய வேண்டியதுதான். ஆனால் அத்துடன் கணக்கு முடிந்துவிடுமா? மதுவின் பொருட்டுப் பத்துப் பேரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்ததாகத் திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் வந்துள்ளது. அப்பத்துப் பேரில் குடிப்பவர் ஒருவரே. பிழிபவர், சுமப்பவர், விற்பவர், வாங்குபவர், அதன் கிரயத்தை உண்பவர் என அப்பட்டியல் நீள்கிறது. ஊற்றிக் கொடுப்பவர் அதில் தனியே எண்ணப்பட்டுள்ளார்.

நாட்டின் சட்டமும் இவ்விடயத்தில் கொடுத்தவர் பக்கமே விரல் நீட்டுகிறது. 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பொது இடத்தில் சிறாருக்கு மது கொடுப்போருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை என்றது. அதன் இடத்தில் வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் 'பொது இடம்' என்ற சொல்லே இல்லை. 18 வயது நிரம்பாத எவருக்கும், மருத்துவர் ஆணையின்றி, மதுவோ போதைப் பொருளோ புகையிலைப் பொருளோ கொடுத்தாலும் கொடுக்கச் செய்தாலும் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல். 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வீட்டு மாடி, கல்யாணப் பந்தல், நண்பனின் அறை ஆகிய யாவும் இதற்குள் அடங்கும். மது வாங்கி வரவோ சுமந்து வரவோ சிறுவனை ஏவினால், 78ஆம் பிரிவின் கீழ் அதே தண்டனை உண்டு.

இவற்றையெல்லாம் அந்த வாப்பாவிடம் எடுத்துரைத்தேன். காவல் நிலையம் செல்ல அவருக்கு மனம் துணியவில்லை. ஆயினும், மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பையனை மட்டும் விசாரிக்க நான் உடன்படவில்லை. மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்தார். "ஒரு வாய்தானே ஹஜ்ரத்!" என்று சிரித்தார். "அளவை மார்க்கமும் கேட்கவில்லை, சட்டமும் கேட்கவில்லை" என்றேன். சிரிப்பு அடங்கியது. மைத்துனனைப் பார்த்து, "நான் கொடுத்தது தப்பு" என்று அவர் சொன்னபோதுதான் அந்தப் பையன் நிமிர்ந்தான். அவ்வீட்டார் சில மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்காக நான் வருந்தவுமில்லை.

விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதற்குப் புனே நகரமே சாட்சி. 2024 மே 19 அதிகாலையில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாக வழக்குப் பதிவான கார் மோதி இளம் பொறியாளர் இருவர் மாண்டனர். அன்றிரவு மதுக்கூடங்களில் அவனுக்கு மது பரிமாறப்பட்டதாகக் காவல்துறை கூறியது. சாலை விபத்து குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லி அவனுக்குப் பிணை அளித்ததைப் பற்றியே பலரும் பேசினார்கள். ஆனால் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ்க் கைதானவர்கள் யார்? அவனுடைய தந்தையும் மதுக்கூடத்தைச் சார்ந்தவர்களும் அல்லவா!

தமிழகத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாது என்பது விதி. நாகூரைத் தாண்டிக் காரைக்கால் எல்லைக்குள் கால் வைத்தால் அந்த வரம்பு 18. விதி எதுவாயினும், கடைக்குள் நுழைய முடியாத சிறுவன் வெளியே நின்று ஒரு பெரியவரிடம் பணத்தை நீட்டுகிறான். அவர் மறுத்துவிட்டால் அவ்வளவில் முடிந்துவிடும். வாங்கிக் கொடுத்தால், எந்தச் சட்டமும் அந்தப் பிள்ளையை எட்டுவதற்குள் அவன் குடித்துவிடுவான்.

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளை தவறினால் கண்டியுங்கள். அத்துடன், கொடுத்தவர் யாரென்றும் கேளுங்கள். அவர் மாமனாயினும் மச்சானாயினும், வெளிநாட்டிலிருந்து கைநிறையப் பொருளோடு வந்தவராயினும், கேட்கத் தயங்காதீர்கள். ஜமாஅத் பெரியவர்களே! பையனை அழைத்து விசாரிக்கும் அதே சபைக்கு அவரையும் அழையுங்கள். வீட்டில் தீராதெனில், சிறாருக்கான 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

உறவு முறிந்துவிடுமே என்ற அச்சத்தில் நாம் மௌனம் காத்தால், அந்தக் கை அடுத்த பிள்ளையை நோக்கியும் நீளும். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளையும், அவர்களுக்குப் பொறுப்பாளர்களான நம்மையும் காத்தருள்வானாக! ஆமீன்.