ஏழு தோழிகளும் ஓர் அழைப்பும்

1868-ம் ஆண்டு. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் மான்மத் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த லிப்பி புரூக், பக்கத்து மாநிலமான அயோவாவுக்குக் கிளம்பினார். மவுன்ட் பிளெசன்ட் ஊரில் இருந்த அயோவா வெஸ்லியன் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். வந்தது படிக்க மட்டுமல்ல. தன் சங்கத்துக்கு அங்கே ஒரு கிளை தொடங்கவும்தான்.

முந்தைய ஆண்டு ஏப்ரலில் லிப்பி உட்பட 12 மாணவிகள் சேர்ந்து 'ஐ.சி. சொரோசிஸ்' என்ற சங்கத்தை மான்மத்தில் தொடங்கியிருந்தார்கள். ஆண் மாணவர்களுக்கு இருப்பதுபோல் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்ற ஆசை. இன்று அதன் பெயர் பை பீட்டா ஃபை. இப்படிப்பட்ட மாணவியர் சங்கங்களைத்தான் 'சொராரிட்டி' என்கிறார்கள். கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சேர்ந்த 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா'வும் இந்த வகைதான்.

லிப்பியின் முயற்சி பலித்தது. ஆனால், அதே கல்லூரியில் ஏழு பேர் உயிர்த்தோழிகளாக இருந்தார்கள். புதிய சங்கத்தின் அழைப்பு அவர்களில் சிலருக்கு வந்தது. சிலருக்கு வரவில்லை. ஒன்றாகப் பந்திக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் இலை போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவர்களுக்கு.

பிரிய மனமில்லாத அந்த ஏழு பேரும் ஒரு முடிவெடுத்தார்கள். 1869 ஜனவரி 21 அன்று தாங்களே ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் பி.இ.ஓ.

லிப்பியைக் குறை சொல்வதற்கில்லை. தெரியாத ஊருக்குப் போய் ஒரு கிளையை நிறுத்துவது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமா? ஆனாலும் புதிய கல்லூரியில் கால் வைக்கும் எந்தச் சங்கமும் மறக்கக் கூடாத பாடம் இதில் இருக்கிறது. நாம் போய்ச் சேரும் இடம் காலி மனை அல்ல. அங்கே ஏற்கனவே சிநேகங்கள் இருக்கின்றன.

இன்றைக்கு விரிவாக்கம் முறைப்படி நடக்கிறது. 26 சங்கங்கள் அடங்கிய தேசிய கூட்டமைப்பு இருக்கிறது. ஒரு கல்லூரியில் உள்ள சங்கங்கள் கூடி, இன்னொன்றுக்கு இடம் கொடுக்கலாமா என்று வாக்களிக்கின்றன. ஆர்வமுள்ள சங்கங்கள் நேரில் வந்து தங்களைப் பற்றி எடுத்துச் சொல்கின்றன. எல்லாம் சரி. ஆனால், வாக்கெடுப்பில் வராத கேள்விகளும் உண்டு. சந்தா கட்ட முடியாத பெண் என்ன செய்வாள்? ஒரே அறையில் தங்கும் இருவரில் ஒருத்தியை மட்டும் அழைத்தால், அன்று இரவு அந்த அறையில் என்ன பேச்சு நடக்கும்? தலைமையகத்திலிருந்து வந்தவர்கள் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டால், 19 வயதுப் பெண்களுக்குக் கணக்குவழக்கும் சண்டை சச்சரவும் பார்க்க யார் துணை?

அதனால், முதலில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த ஊரிலேயே வசிக்கும் பழைய உறுப்பினர்கள் நாலு பேராவது துணைக்கு இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டும். எத்தனை கிளைகள் என்ற எண்ணிக்கையை விட, ஐந்து வருடம் கழித்து அந்தக் கிளையில் விளக்கு எரிகிறதா என்பதுதான் முக்கியம்.

அயோவா வெஸ்லியன் கல்லூரி 2023-ல் மூடப்பட்டுவிட்டது. தோழிகளின் பி.இ.ஓ. மட்டும் இன்னும் இருக்கிறது. கல்லூரி வளாகத்தை விட்டு வெளியே வந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் பெண்களின் படிப்புக்கு உதவும் பெரிய அமைப்பாகிவிட்டது. வெளிநாடுகளிலிருந்து அங்கே மேற்படிப்புக்கு வரும் பெண்களுக்காக 1949-ல் ஓர் உதவித்தொகையையும் தொடங்கினார்கள்.

அழைப்பு வராத வலி தெரிந்தவர்கள் தொடங்கிய சங்கம் அல்லவா? வெளியே நிற்பவளுக்கும் ஓர் இலை போடத் தோன்றியிருக்கிறது.