மணலால் ஓர் அகழி

முருகைத் தொட்டி வைத்திருப்பவர்கள் முதல் வருடம் "ஒன்றும் வளரவில்லை" என்று முறையிடுவார்கள். மூன்றாம் வருடம் முறைப்பாடு மாறியிருக்கும். ஒன்று மட்டும் வளர்கிறது, மற்றதெல்லாம் அதற்கடியில் போய்விட்டது என்பார்கள். அந்த ஒன்று பெரும்பாலும் மென்முருகையாகவே இருக்கும்.

கட்டாரில் ஒன்பது வருடம் வீடு வீடாகப் போய்க் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரித்துப் பிழைத்தவன் நான். சொந்த ஊர் கற்பிட்டி. 1992 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் முருகைக் கற்பாறையைத் தாண்டித்தான் வாப்பா தொழிலுக்குப் போவார். 1998 இல் கடல் சூடேறி, ஆழங்குறைந்த இடத்து முருகைகள் வெளிறிச் செத்ததை அவர் வாயால் கேட்டு வளர்ந்தவனுக்கு, பாலைவனத்து வீடொன்றின் மண்டபத்தில் 600 லீற்றர் கண்ணாடிக்குள் முருகை தளிர்ப்பது அதிசயமாகத்தான் இருந்தது.

அந்த வீட்டில்தான் செனியாவைச் சரியாக அறிந்துகொண்டேன். தடித்த வெள்ளைத் தண்டு, அதன் தலையில் எட்டெட்டு இதழ்களுடன் பூக்கள். அவை கைவிரல்களைப் போல ஓயாமல் விரிந்து மூடும். செங்கடலில் வாழும் இதன் உறவினம் ஒன்றைப் பற்றி 2013 இல் வெளிவந்த ஆய்வு, இந்த அசைவு நீரைக் கலக்கி ஒட்சிசனை அகற்றுவதால் உள்ளே குடியிருக்கும் பாசியின் ஒளித்தொகுப்பு கூடுகிறது என்கிறது. பார்ப்பவருக்கு நடனம், அதற்கோ வயிற்றுப்பாடு.

செனியா பக்கத்து முருகையைப் பெரிதாகக் கொட்டுவதில்லை. நிழலால் கொல்கிறது. கல்லில் மெல்ல ஊர்ந்து, போகும் வழியில் அடித்தசையில் ஒரு துணுக்கை விட்டுச் செல்லும். அந்தத் துணுக்கு இன்னொன்றாகும். அந்த வீட்டில் கிளை முருகை ஒன்றின் பாதி உடல் இப்படி ஒளி காணாமல் வெறும் எலும்பாகியிருந்தது.

எனக்குத் தொழில் பழக்கியவர் புத்தளத்து நானா ஒருவர். அவர் சொல்வார்: "தம்பி, பிளேட்டைத் தூக்க முந்தித் தண்ணியப் பாருங்க. சாப்பாட்டைக் குறைக்காம வெட்டினா, வெட்டுற கைக்குப் பின்னாலயே முளைக்கும்."

உண்மைதான். மீனுக்கு அள்ளிப்போடும் தீனியின் மிச்சம் நைத்திரேற்றாகவும் பொசுபேற்றாகவும் நீரில் சேர்கிறது. செனியாவுக்கு அது விருந்து. அதற்காக இரண்டையும் பூச்சியத்துக்கு இறக்கவும் கூடாது, கல்முருகைகளும் வெளிறிப்போகும். அளவாகத் தீனி, ஒழுங்காக நீர்மாற்றம். மிச்சம் கைவேலை.

ஏறிய கல்லை எடுக்க முடிந்தால், தொட்டி நீர் நிரப்பிய வாளியில் வைத்து, தண்டை நடுவில் கத்தரிக்காமல் அடியோடு சுரண்டிப் பிரஷால் தேய்க்க வேண்டும். உள்ளேயே வெட்டினால் துணுக்குகள் நீரோட்டத்தில் போய் ஒதுங்கிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அசைக்க முடியாத கல்லென்றால், குழாயால் உறிஞ்சிக்கொண்டே சுரண்ட வேண்டும். காயப்பட்ட மென்முருகை நீரில் கசியவிடும் இரசாயனங்களுக்காக, வடிகட்டியில் புதிய காபன் போட வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, கல்லை எடுத்துக் கொதிநீரில் அவித்துவிடலாம் என்றார் அந்த வீட்டுச் சாரதி. கையைப் பிடித்துத் தடுத்தேன். அதே கல்லில் சொவாந்திட் எனப்படும் பொத்தான் பூக்களும் இருந்தன. அவற்றில் சிலவற்றில் உள்ள பாலித்தொக்சின், 1971 இல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்ட கொடிய நஞ்சு. அவிக்கும்போது ஆவியோடு நெஞ்சுக்குள் போகும். 2018 இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் ஒருவர் தன் தொட்டி முருகையை எடுத்துத் துப்புரவாக்கப்போய், தீயணைப்பு வீரர்கள் உட்படப் 10 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நான் எந்தக் கல்லையும் தொட்டதில்லை.

வீட்டுக்காரரின் சின்ன மகளுக்கு அந்த ஆடும் பூக்கள் என்றால் உயிர். முற்றாக எடுக்கவேண்டாம் என்று அழுதாள். எடுக்கவும் தேவையில்லை. ஒரு மூலையில் மற்றக் கற்களில் முட்டாமல் தனிக்கல் வைத்து, சுற்றிவர ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மணல் விட்டேன். மணலைத் தாண்ட செனியா தயங்கும். தயங்கும், அவ்வளவுதான். பச்சை நட்சத்திரம் என்று நாங்கள் சொல்லும் வகையோ ஊதாப் பாயாக விரிந்து கண்ணாடியிலேயே ஏறிவிடும். ஆகவே அகழி தோண்டியதோடு வேலை முடியாது. வாராவாரம் விளிம்பைப் பார்க்கவேண்டும்.

கடைசியில் வாளி நிறையத் துண்டுகள் மிஞ்சின. "கடலில் கொட்டிவிடு, அங்கிருந்து வந்ததுதானே" என்றார் வீட்டுக்காரர்.

"கடலிலிருந்துதான் வந்தது, இந்தக் கடலிலிருந்து வந்ததா என்று எப்படித் தெரியும்?" என்றேன்.

வெனிசுவேலாவின் மொச்சிமா தேசியப் பூங்காவில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். செனியாவின் குடும்பத்தைச் சேர்ந்த, இந்தோனேசியக் கடல்களுக்குரிய உனோமியா என்ற மென்முருகை, 2000களில் தொட்டி வணிகத்தினூடாக அங்கே போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. இன்று அது அங்குள்ள முருகைப் பாறைகளையும் கடற்புல் தரைகளையும் போர்வையாக மூடிக்கிடக்கிறது. கடலில் சுற்றிவர மணல் அகழி வெட்ட எந்தத் தொட்டிக்காரனாலும் இயலாது.

துண்டுகளை நன்னீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்துச் சாகவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போட்டோம்.

வாப்பாவின் வலையில் சிலவேளை முருகைத் துண்டு சிக்கிவரும். கரைக்குக் கொண்டுவரமாட்டார். எந்தப் பாறையடியில் வலை மாட்டியதோ அங்கேயே தோணியைத் திருப்பி இறக்கிவிடுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். கடல் முழுக்க ஒரே தண்ணீர்தானே என்பார்கள். வாப்பா பதில் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை, துடுப்பை மட்டும் திருப்புவார்.