அடுப்படி வெளிச்சம்

"தம்பி, கரண்டு படிப்புதானே படிக்கிறே? அடுப்படிக்கு ஒரு நல்ல லைட்டு போட்டுக் குடேன்" என்று அம்மா கேட்டுச்சு. அம்மா என்னிடம் கேட்ட முதல் வேலை!

உத்தரத்தில் தொங்கிய 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி 9 வாட் எல்.இ.டி. மாட்டினேன். தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட் ஆகும், இனி 2.7 யூனிட்தான். வெளிச்சமோ ஏறக்குறைய அதே. கணக்கைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தினேன்.

அம்மா எங்கள் வயல் குறுவை அரிசியை முறத்தில் எடுத்துச்சு. "இப்பவும் கல்லு தெரியலையே தம்பி!"

அப்போதுதான் கவனித்தேன். பல்பு அம்மாவின் முதுகுக்குப் பின்னால். அம்மாவின் நிழலே முறத்தை மூடியிருந்தது. இத்தனை வருஷமும் அந்த இருட்டில்தான் கல் பொறுக்கியிருக்கிறது. சோற்றில் கல் கடிபட்டால் கத்தியவன் நான்!

மறுநாள் வயரை நீட்டி, ஹோல்டரை அம்மாவுக்கு முன்பக்கமாக மாற்றினேன். அடுப்புக்கு நேர் மேலே வைக்கவில்லை. சூடும் ஆவியும் எல்.இ.டி.க்கு ஆகாது.

நண்பர்களே! வாட் என்பது விளக்கு தின்னும் கரண்டு. லூமென்தான் அது தரும் வெளிச்சம். பெட்டியில் இரண்டையும் பாருங்கள். அதற்கும் முன்னால், அங்கே நின்று வேலை செய்கிறவரின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.