காடா, தீவா, நகரமா?

கடற்கரைக்காரனுக்குக் கப்பல் என்றாலே ஒரு சபலம் உண்டு. காரைக்காலம்மையாரின் கணவர் பரமதத்தரே கப்பலேறிப் போனவர்தாமே! ஆகவே, திருமலைராயன்பட்டினத்துக்கு அருகில் போலகம் என்னும் சிற்றூரில், எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆப்பிரிக்காவின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் யாத்திரை பேசியதில் ஆச்சரியம் இல்லை.

கையில் இருந்தது பன்னிரண்டு நாள். பேரப்பிள்ளைகளுக்குச் சிங்கம் வேண்டும். என் மனைவிக்கு ஒரு தீவு வேண்டும். எனக்கோ பழைய நகரங்களில் மோகம். தொண்ணூறு வயதை நெருங்கும் எங்கள் அத்தை மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "போனவர் போன தீவைப் பார்க்காமல் சிங்கத்தைப் பார்த்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டாள்.

அத்தை சொன்ன மனிதர் என் கொள்ளுப்பாட்டனாரின் தமையனார். கரும்புத் தோட்டத்து வேலைக்கென்று கப்பலேறியவர் திரும்பவேயில்லை. இறந்த திதி தெரியாததால், மகாளய அமாவாசையன்றுதான் அவருக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறோம்.

முதலில் காட்டைப் பற்றித் தீர்மானித்தோம். தான்ஸானியாவின் ஸெரெங்கெட்டி, கென்யாவின் மஸாய் மாரா இரண்டும் எல்லைக்கோட்டால் பிரிந்த ஒரே புல்வெளி. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காட்டுமாடுகள் புல்லையும் மழையையும் தேடி அதில் ஆண்டு முழுவதும் சுற்றி வருகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தென் ஸெரெங்கெட்டியில் கன்று ஈனும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாரா நதியை முதலைகளுக்கு நடுவே கடக்கும். எனவே மாதத்தைப் பார்த்தே காட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தது பிப்ரவரி, ஆதலால் ஸெரெங்கெட்டி. அதை அடுத்த கொரொங்கோரோ, அவிந்த எரிமலையின் வாய். சுமார் 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெருங்கிண்ணம். சிங்கம், யானை, காண்டாமிருகம் யாவும் அதற்குள்ளேயே உண்டு. அதிகம் அலைய முடியாத முதியோருக்கு இதுவே உசிதம்.

நகரங்களில் மொம்பாஸாவுக்கு என் வாக்கு. அங்கிருந்து விக்டோரியா ஏரி வரை 1896 முதல் 1901 வரை போட்ட இருப்புப்பாதை, இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் சென்ற முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரின் உழைப்பு. பெரும்பாலோர் பஞ்சாபியர். சுமார் 2,500 பேர் மாண்டனர். 1898-இல் ஸாவோ ஆற்றங்கரையில் இரண்டு சிங்கங்கள் கூடாரம் கூடாரமாகப் புகுந்து தொழிலாளரைத் தின்ற கதை உலகப் பிரசித்தம். சிங்கத்தின் பெயர் நிலைத்தது. தின்னப்பட்டவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியில் வந்தது தீவு. ஸான்ஸிபாரை விட்டுக்கொடுப்பது எளிதாயில்லை. கிராம்பு மணக்கும் தீவு அது. 1893-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் காந்தியடிகள் தங்கிய ஊரும்கூட. அங்கிருந்த அடிமைச் சந்தை 1873-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று ஒரு மாதாகோவில் நிற்கிறது.

அடிமைச் சந்தை என்றதும் பேச்சு அத்தையிடமே திரும்பிற்று. ரெயூனியன் தீவின் தோட்டங்களில் உழைத்தவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்காப்பிரிக்கக் கரையிலிருந்தும் பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகள். 1848-இல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது. இந்தியர்களை அழைத்துச் செல்ல ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1860-இல் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆள் ஏற்றிய துறைமுகங்களில் நமது காரைக்காலும் ஒன்று. கொடுமைகள் பற்றிய புகார் மிகுந்து, 1882-இல் ஆங்கில அரசாங்கம் இதை நிறுத்திற்று. ஆக, ஆப்பிரிக்கக் கரையும் எங்கள் கரையும் ஒரே கரும்புத் தோட்டத்துக்கு மனிதர்களைக் கொடுத்தவை. இது தெரிந்த பிறகு வேறு தீவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மொரீஷியஸ் வழியாக ரெயூனியன் போவதென்று முடிவாயிற்று. இரண்டு தீவுகளுக்கும் இடையே சுமார் 175 கிலோமீட்டர்தான். மொரீஷியஸின் பணநோட்டில் தமிழெழுத்தைக் காணலாம். தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசாங்க விடுமுறை. போர்ட் லூயியில் நம்மவர் கரையேறிய ஆப்ரவாஸி காட் என்னும் படித்துறை இருக்கிறது. ரெயூனியனில் பெரும்பாலோர் தமிழ்ப் பேச்சை இழந்துவிட்டார்கள். ஆனால் தீமிதியை இழக்கவில்லை. ஸான்-தெனிக்கு அருகே கிராண்ட் ஷலூப் என்னுமிடத்தில், வந்திறங்கியவர்களை நோய்க்கு அஞ்சி அடைத்து வைத்த கட்டடங்கள் நிற்கின்றன. எங்கள் பெரியவரும் தம் முதல் இரவுகளை அங்கே கழித்திருக்கக்கூடும்.

யாத்திரை போக எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. கென்யா செல்பவர்கள் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு, சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். திரும்பும்போது நம் நாட்டில் கேட்பார்கள். படத்தை விரிக்குமுன் வீட்டிலுள்ள முதியோரிடம், "நம்மில் யாராவது கப்பலேறினார்களா?" என்றும் கேட்டுவிடுங்கள்.

அத்தை எங்களோடு வரவில்லை. ஒரு சிறு பொட்டலத்தில் எள் கட்டித் தந்திருக்கிறாள்.