மூடிய கதவும் முடிந்த வழக்கும்

புளியந்தீவில் வாழும் நான் ஆண்டுதோறும் மாநகர சபைக்குச் சோலைவரி செலுத்துபவன். அப்பணம் தெருவிளக்காகிறது; வடிகாலாகிறது; சபை வழக்கில் தோற்றால் நட்டஈடும் ஆகிறது. ஆதலின், நிலுவையிலுள்ள வழக்கைப் பற்றிச் சபையார் கதவடைத்துப் பேசலாமா என்று மாணவியொருத்தி வினவியபோது, அதனை வெறும் பாடக் கேள்வியாக நான் கருதவில்லை.

பேசலாம் என்பதே என் விடை. தம் பக்கத்துக் குறையையும், எத்தொகைக்கு இணங்கலாம் என்பதையும் சபையார் சட்டத்தரணியிடம் மனந்திறந்து சொல்லவேண்டும். அது எதிர்த்தரப்பாரின் செவிக்கு எட்டின், நட்டம் நமக்கே.

ஆயின், கதவு எதுவரை மூடியிருக்கலாம்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1953 இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டம், உள்ளூர்ச் சபைகள் பொதுமக்கள் முன்னிலையிலேயே கூடவேண்டும் என்கிறது. நிலுவை வழக்குக்கு விலக்கு உண்டு. எனினும் அத்தகைய கூட்டத்தை முன்னரே அறிவித்தல் வேண்டும். இணக்கம் முடிவானபின், கேட்பவர்க்கு அதன் விவரத்தைச் சொல்லவும் வேண்டும்.

நம் நாட்டிலும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. சிலவற்றை மறைக்க அது இடமளிக்கிறது. பொதுநலன் மேலோங்கின் அவற்றையும் வெளியிடச் சொல்கிறது. எழுதிக் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவை அறிவித்தல் வேண்டும்.

மந்திராலோசனை மறைவாக நடக்கட்டும். வழக்கு முடிந்தபின், எவ்வளவு கொடுத்தோம், எதற்குக் கொடுத்தோம் என்று கேட்பது நம் கடமை. கேளாத ஊருக்கு எந்தச் சட்டமும் விடை சொல்லாது.