அனுமதியின்றி நுழையும் பார்வை

கரும்புக்கடையில் எங்கள் தெருவில் வாசல்தோறும் கேமரா. திருட்டுக்கு அஞ்சி வைப்பதில் குறையில்லை. பெண்கள் இயல்பாக அமரும் கூடத்திலும் மாட்டுவதைத்தான் மனம் ஏற்கவில்லை.

2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் கேமராப் பதிவுகள் யூடியூபில் வெளியாகி, டெலிகிராமில் விலைபோயின. பரிசோதனைக்குப் படுத்திருந்த சகோதரிகளின் காட்சிகள் அவை. நிறுவனம் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்ட கேமராவுக்குள் இணையம் வழியே எவரும் எங்கிருந்தும் நுழையலாம்.

பிறர் இல்லத்தில் அனுமதியின்றி நுழைவதை அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் தடுக்கிறது. அந்த அனுமதியே பார்வையின் பொருட்டு விதிக்கப்பட்டது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியது புகாரியில் உள்ளது. கதவைத் தட்டாமல் கேமரா வழியே வரும் கண்ணும் இதில் அடங்கும்.

என் வீட்டு வாசலில் பொருத்த வந்த தம்பியிடம் இரண்டே சொன்னேன்: கடவுச்சொல்லை நானே மாற்றுவேன், எதிர்வீட்டு ஜன்னல் படத்தில் விழக்கூடாது.